மனுவை மனிதர் படிக்கட்டும், பதிலை எந்திரம் படிக்கட்டும்

அரசு அலுவலகங்களில் குவியும் மனுக்களை இனி மென்பொருளே படித்துவிடும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகப் பலமாக அடிபடுகிறது. விற்பவர்கள் சொல்கிறார்கள், வாங்கும் அதிகாரிகள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள், அலுவலக வராந்தாவில் கால்கடுக்க நின்று பழகிய நாமும் 'நல்லதுதானே' என்று தலையாட்டுகிறோம்.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுவது நியாயம். ஒரு மாவட்டத்துக்கு வரும் மனுக்களை ஓர் அலுவலர் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படிப்பது நடக்காத காரியம். படித்தாலும் காலையில் படித்த கவனம் மாலையில் இருக்காது. தெரிந்தவர் மனு மேலே வரும், தெரியாதவர் மனு அடியில் போகும். எந்திரத்துக்குச் சொந்தபந்தம் இல்லை, சாதி இல்லை, கைநீட்டும் பழக்கமும் இல்லை. லட்சம் மனுக்களை ஓர் இரவில் பிரித்து, எந்த ஒன்றியத்தில் குடிநீர், எந்த வட்டத்தில் பட்டா, எவர் மனுவில் கோபம், எது அவசரம் என்று வண்ணக் கட்டங்களாகத் திரையில் காட்டிவிடும். மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்பது ஆட்சிக்கு முதல்முறையாகத் தெளிவாகத் தெரியவரும்.

இது வெறும் கனவும் அல்ல. மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் தளத்துக்கு வரும் மனுக்களைத் தானாகப் பகுத்துக் காட்டும் கண்காணிப்பு முறையொன்றை நிர்வாகச் சீர்திருத்தத் துறை, ஐஐடி கான்பூருடன் சேர்ந்து உருவாக்கியது; அதன் இரண்டாம் பதிப்பு 2023 செப்டம்பரில் வெளியானது. தமிழ்நாட்டில் 2021-ல் சிதறிக் கிடந்த குறைதீர் பிரிவுகள் இணைந்து 'முதல்வரின் முகவரி' துறை ஆயின. 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்' முகாம்கள் தொடங்கின. 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளும், ஆண்டுக்கொருமுறை பசலிக் கணக்கு முடிக்கும் ஜமாபந்தியும் இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே நடக்கின்றன. மனுக் குவியல் வளர்ந்திருக்கிறது, அதைக் கரைத்துத் தருவதாகச் சொல்லும் கருவியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். மென்பொருளே வேண்டாம் என்பது என் வழக்கல்ல. அதைத் தவறான தாள்களின் மேல் திருப்பி வைத்திருக்கிறோம் என்பதுதான் வழக்கு. மனு, மனிதர் படிக்க வேண்டிய தாள். எந்திரம் படிக்க வேண்டிய தாள் வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சங்கரன்கோவிலை வைத்தே பேசலாம். 2019 நவம்பர் 22-ல் பிறந்த தென்காசி மாவட்டத்தின் எட்டு வட்டங்களில் ஒன்று இது. ஊருக்குள் விசைத்தறி, திருவேங்கடம் பக்கம் போனால் வானம் பார்த்த கரிசல், மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரத் தோட்டங்கள். தறிக்கூலி, காட்டுப்பன்றி அழித்த மக்காச்சோளம், முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, பட்டா என்று இங்கிருந்து போகும் மனுக்கள் பலவிதம். ஆனால் தாளைப் பார்த்தால் எல்லாம் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. எந்த வட்டாட்சியர் அலுவலகமானாலும் வாசலருகே மனு எழுதித் தருபவர் இருப்பார். கார்பன் தாளும் தட்டச்சு எந்திரமும் போய், இப்போது கணினியும் ஜெராக்ஸும். வந்தவர் அரைமணி நேரம் கொட்டித் தீர்ப்பதை அவர் ஒரு பக்கத்துக்குள் அடக்குகிறார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. 'மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்', 'கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்', 'சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து' என்று வரிகள் தாமாகவே வந்து விழும். இந்தத் தாள்களின் சொற்களை எண்ணி மக்களின் மனநிலையை அறிந்துவிட்டதாக ஒரு மென்பொருள் சொன்னால், அது அளந்தது மனுதாரரின் மனத்தை அல்ல, மனு எழுதுபவரின் கையிருப்பை. ஒரு வட்டத்தில் 'கண்ணீர்' அதிகம், பக்கத்து வட்டத்தில் குறைவு என்று திரை காட்டினால் அது துயரத்தின் வரைபடமல்ல. இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு இடையே உள்ள நடை வித்தியாசம்.

சொல்லை எண்ணி உணர்ச்சியை அளக்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே பிலிப் ஸ்டோன் குழுவினர் அதற்கான நிரலை எழுதினார்கள். எந்தச் சொல் நல்லது, எந்தச் சொல் கெட்டது என்று அகராதியும் தொகுத்தார்கள். பல பத்தாண்டுகள் அதை வைத்து ஆய்வுகள் நடந்தன. 2011-ல் டிம் லாக்ரன், பில் மெக்டொனால்டு என்ற இரண்டு நிதித்துறைப் பேராசிரியர்கள் அந்த அகராதியை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அகராதி 'கெட்ட சொல்' என்று குறித்தவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, நிதி அறிக்கையில் கெட்ட பொருளே தராதவை. வரி, செலவு, கடப்பாடு ஆகியவை கணக்குப்பிள்ளைக்கு அன்றாடச் சொற்கள். எந்திரத்துக்கோ அவை புலம்பல். நன்றாகத் தொகுத்த அகராதி, கோடிக்கணக்கான டாலர் புரளும் துறை, ஆங்கில மொழி. அங்கேயே இந்த நிலை என்றால், 'சமூகம்' என்ற சொல் மேலதிகாரியைக் குறிக்கும் நம் மனு நடைக்கு யார் அகராதி தொகுத்திருக்கிறார்கள்?

இதில் இன்னொரு சங்கதி. மனுவில் உண்மையான கொதிப்பு எங்கே இருக்கிறது என்று பழைய எழுத்தரைக் கேட்டால் 'கண்ணீர்' என்ற சொல்லைக் காட்டமாட்டார். 'பார்வை' என்ற தலைப்புக்குக் கீழே காட்டுவார். 'பார்வை: 1. என் மனு, இன்ன நாள். 2. தங்கள் கடிதம், இன்ன நாள். 3. என் நினைவூட்டு மனு, இன்ன நாள்' என்று ஏழெட்டு வரிகள் போனால், கீழே மனு எவ்வளவு அடக்கமான நடையில் இருந்தாலும் அந்த ஆள் எல்லைக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். உணர்ச்சியை அளக்கும் மென்பொருளுக்கு அந்தப் பட்டியல் வெறும் எண்ணும் தேதியும்தான்.

அடுத்து வகைப்படுத்தல். மனுவைத் தானாக வகை பிரிக்கும் மென்பொருளுக்கு அந்த வகைகள் எங்கிருந்து கிடைக்கின்றன? முன்பு எழுத்தர்கள் பிரித்துவைத்த மனுக்களிலிருந்து. துறையின் பெயர்ப்பட்டியல்தான் அதன் உலகம். ஆக, பழைய எழுத்தர் சரியாகப் பிரித்ததை அது வேகமாகப் பிரிக்கும். அவர் தப்பாகப் பிரித்ததையும் அதே வேகத்தில் பிரிக்கும். வேகம் வந்ததால் பார்வை மாறிவிடாது.

ஒரு மனுவை நினைத்துப் பாருங்கள். பொருள்: 'மயானத்துக்குப் பாதை வசதி வேண்டுதல் சார்பு'. மென்பொருள் 'பாதை'யைப் பார்க்கும், 'சாலை வசதி' என்று முத்திரை குத்தி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பும். 'நிதி ஆதாரத்துக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். கணக்கில் ஒரு மனு முடிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களை அறிந்த ஒருவர் அதே தாளைப் படித்தால் தெருப்பெயரைப் பார்த்த உடனேயே நிமிர்ந்து உட்காருவார். பாதை இல்லாமல் இல்லை. பிணம் கொண்டுபோன பாதையை யாரோ வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். வேலி போட்டவர் பெயரை மனு சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், மனு கொடுத்தவர் நாளைக் காலை அவர் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். இது சாலைப் பிரச்சினை அல்ல, தீண்டாமை. தாளில் இல்லாத பெயர்தான் இந்த மனுவின் உள்ளடக்கம். எழுதியதை மட்டும் பகுக்கும் கருவி, எழுதாமல் விட்டதைப் பகுக்க முடியாது.

'பட்டா மாறுதல்' என்ற ஒரே முத்திரைக்குள் எத்தனை உலகம் கிடக்கிறது என்பதையும் பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை மாநிலம் முழுவதும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரோ பரப்போ மாறிப் பதிவான பிழை ஒன்று. கிராமத்தில் இன்றைக்கும் 'யூடிஆர் தப்பு' என்றால் எல்லோருக்கும் புரியும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் தீராத உட்பிரிவு இன்னொன்று. கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவரின் கோரிக்கை வேறு. சிவகிரி, ஊற்றுமலை என்று ஜமீன்கள் இருந்த சீமை இது. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நிலவரித் திட்டத்தில் தொடங்கிய சிக்கலைப் பேரன் இன்று மனுவாகக் கொண்டுவருவான். இவை நான்குக்கும் பார்க்க வேண்டிய பதிவேடு வேறு, தீர்க்கும் அதிகாரி வேறு, சட்டம் வேறு. திரையிலோ நான்கும் ஒரே நிறக் கட்டம். 'சங்கரன்கோவில் வட்டத்தில் பட்டா மனுக்கள் அதிகம்' என்பது கண்டுபிடிப்பா? கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒருநாள் உட்கார்ந்த எவருக்கும் அது தெரியும்.

பெரும்பான்மையைக் காட்டுவதுதான் இக்கருவிகளின் இயல்பு. 2003-ல் டேவிட் பிளை, ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டான் ஆகியோர் தந்த தலைப்பு மாதிரி முறை முதல் இன்றைய பெரிய மொழி மாதிரிகள் வரை, அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களிலிருந்துதான் பொருளை ஊகிக்கின்றன. நாவல்களை ஆராய இது உதவும், நூறாண்டு நாளிதழ்களை ஆராயவும் உதவும். மனு அப்படிப்பட்டதல்ல. ஆயிரம் தெருவிளக்கு மனுக்களுக்கு நடுவே கிடக்கும் ஒரே ஒரு கொத்தடிமை மனு, அந்த ஆயிரத்தைவிட அவசரமானது. எண்ணிக்கையில் அது ஒன்றுமே இல்லை. மாதிரியின் கண்ணுக்கு அது சத்தம், வடிகட்டித் தள்ள வேண்டியது. மறுபக்கம், ஓர் அமைப்பு ஒரே மனுவை நூறு பிரதி எடுத்து நூறு கையெழுத்தோடு கொடுத்தால் அது நூறா, ஒன்றா? நூறு என்று எண்ணினால் ஜெராக்ஸுக்குக் காசு உள்ளவர் குரல் பெரிதாகும். ஒன்று என்று எண்ணினால் நூறு பேர் பேருந்து பிடித்து வந்த உழைப்பு காற்றில் போகும். இதை எந்திரம் முடிவு செய்யாது. அதை அமைத்த யாரோ ஒருவர், யாருக்கும் சொல்லாமல் முன்பே முடிவு செய்திருப்பார்.

எழுத்துச் சிக்கல்களை நான் பெரிதுபடுத்தப் போவதில்லை. இந்த ஊரையே சங்கரன்கோவில் என்பார்கள், சங்கரன்கோயில் என்பார்கள், பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோவில். 2010-ல் அரசு ஒருங்குறிக்கு மாற ஆணையிடும் முன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் எந்திரத்துக்கு வெறும் கிறுக்கல். கையால் எழுதிய மனுவை வருடிப் படமாக ஏற்றினால், பல இடங்களில் மென்பொருள் படிப்பது மனுவை அல்ல, கணினியில் உட்கார்ந்தவர் சாரமாகத் தட்டிய ஒரு வரியை. இவையெல்லாம் இன்றோ நாளையோ தீரக்கூடியவை. என் மறுப்பு இவற்றின் மேல் நிற்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் படிக்கும் எந்திரம் வந்தாலும் மயானப் பாதை மனுவில் இல்லாத பெயர் அதற்குக் கிடைக்காது.

தாள் குவியலை விதிப்படி பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே ஒரு சாட்சி. சங்கரன்கோவிலுக்கு வடக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூரில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் கோயில் வசம் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அப்படியே செய்துவிட்டதாகவும் அவருக்குப் பதில் கிடைத்தது. ஐயரவர்கள் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். இந்தக் கதையை நாம் பெரும்பாலும் அறியாமைக் கதையாகச் சொல்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே யாரும் சோம்பலில் குப்பையில் போடவில்லை. ஏடுகளைப் பார்த்தார்கள், 'பழுது' என்று வகைப்படுத்தினார்கள், அந்த வகைக்கு என்ன விதியோ அதை நெய்யோடும் மந்திரத்தோடும் ஒழுங்காக நிறைவேற்றினார்கள். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: எரிக்கும் முன் ஓர் ஏட்டையாவது பிரித்துப் படிக்கவில்லை. வகைப்படுத்தல் அவ்வளவு திருத்தமாக முடிந்தபின் படிப்பதற்கு அவசியமே எழவில்லை. மனுக்களுக்கு இன்று நாம் ஏற்பாடு செய்துகொண்டிருப்பதும் இதே ஒழுங்கைத்தான்.

இங்கே எதிர்த்தரப்பு தன் கனமான ஆயுதத்தை எடுக்கும். 'மனிதர் படிக்க வேண்டும் என்கிறீர்களே, இப்போது எந்த மனிதர் படிக்கிறார்? படிக்காத மனிதரைவிட அரைகுறையாகப் படிக்கும் எந்திரம் மேலல்லவா?'

நியாயமான கேள்வி. அதற்கு இந்தச் சீமையில் நடந்ததை வைத்தே பதில் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளி குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், அந்த வளாகத்திலேயே தீக்குளித்து மாண்டுபோனது. அந்த மனுக்களில் எழுதியிருந்தது யாருக்கும் புரியாமல் போகவில்லை. கந்துவட்டி என்ற சொல்லைப் பகுத்தறிய ஐஐடி தேவையில்லை. ஒவ்வொரு மனுவும் தனித்தனியாக வந்தது, தனித்தனியாக அடுத்த அலுவலகத்துக்குப் போனது. 'இதே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார்' என்று சேர்த்துப் பார்க்கவும், சேர்த்துப் பார்த்தபின் பதில் சொல்லவும் ஒருவர் பொறுப்பில் இல்லை. அதற்குப் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கும் காவல் பலப்பட்டது. மனுவைப் படிக்கும் ஏற்பாடு அதே அளவுக்குப் பலப்பட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே கைபேசி எண்ணிலிருந்தோ ஒரே புல எண்ணைப் பற்றியோ எத்தனை மனுக்கள் வந்திருக்கின்றன என்று கோத்துக் காட்டுவது கணினிக்கு மிக எளிய வேலை. அதை வரவேற்கிறேன். ஆனால் அதற்குப் பெயர் உள்ளடக்கப் பகுப்பாய்வு அல்ல. பழைய அலுவலகங்களில் தன்பதிவேடு பார்த்துச் செய்த வேலைதான். அதில் எந்திரம் எதையும் புரிந்துகொண்டதாகப் பாவனை செய்வதில்லை. 'இவர் ஏழாம் முறை வருகிறார், கூப்பிட்டுப் பேசுங்கள்' என்று ஓர் ஆளை நோக்கிக் கை காட்டுகிறது, அவ்வளவுதான்.

படிக்காத மனிதருக்கும் படித்ததாகச் சொல்லும் எந்திரத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்: படிக்காதவரைப் பார்த்து 'ஏன் படிக்கவில்லை' என்று கேட்கலாம். சட்டமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றத்தில் கேட்கலாம், ஜமாபந்தியில் எழுந்து நின்று கேட்கலாம். எந்திரம் வந்தபின் 'படித்தாயிற்றே, அவசரமில்லை என்று வந்திருக்கிறதே' என்பது பதிலாகிவிடும். புறக்கணிப்புக்கு அன்று வரை வெட்கம் ஒன்று மிச்சமிருந்தது. அதையும் கழற்றிக் கொடுக்கும் கருவி இது.

துல்லியம் தொண்ணூறு சதவீதம் என்பார்கள். எதோடு ஒப்பிட்டு? சங்கரன்கோவில் வட்டத்து மனுக்களில் கண்ணை மூடிக்கொண்டு இருநூறை எடுத்து, ஒருவர் பிரித்தது மற்றவருக்குத் தெரியாமல் இரண்டு அனுபவசாலிகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாத மனுக்கள் கட்டாயம் இருக்கும். அவற்றில்தான் சிக்கலே இருக்கிறது, அவற்றில்தான் துல்லியம் என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. இந்த ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர்களே இதை மறைத்ததில்லை. ஜஸ்டின் கிரிமரும் பிராண்டன் ஸ்டூவர்ட்டும் 2013-ல் எழுதிய, அரசியல் ஆய்வாளர்கள் இன்றும் முதலில் கையிலெடுக்கும் கட்டுரை, மொழியின் எல்லா எண்ணியல் மாதிரிகளும் பிழையானவையே, சில பயன்படும் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது. கவனமாகப் படிப்பதற்கு இவை மாற்றல்ல, ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆய்வாளர் எழுதிய எச்சரிக்கை, விற்பனையாளரின் கையேட்டில் ஏறுவதில்லை.

சரி, எந்திரத்துக்கு உரிய தாள் எது? மனுவுக்கு அலுவலகம் அனுப்பும் பதில்.

மனுவில் எந்திரத்தைத் தடுக்கும் எதுவும் பதிலில் இல்லை. அது கையெழுத்தல்ல, தட்டச்சு. மனம் உடைந்தவர் எழுதியதல்ல, பயிற்சி பெற்ற அலுவலர் எழுதியது. நாளும் ந.க. எண்ணும் உண்டு. சொல்வளம் மிகச் சிறியது. பயந்து பெயரை மறைக்க வேண்டிய கட்டாயமும் எழுதியவருக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவில் நம்மை ஏமாற்றும் அந்தத் திரும்பத் திரும்ப வரும் வாசகம், பதிலில் நேரடிச் சாட்சியமாகிவிடுகிறது. மனுதாரர் வார்ப்பு வாசகத்தில் எழுதினால் அவருக்கு வேறு வழியில்லை என்று பொருள். அலுவலகம் வார்ப்பு வாசகத்தில் பதில் எழுதினால் அந்த மனுவைத் தனியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு.

என்னென்ன கேட்கலாம் என்று பாருங்கள். பெயரும் ஊரும் தவிர மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் பதில்கள் எத்தனை? 'தீர்வு காணப்பட்டது' என்று கணக்கில் ஏறியவற்றில் 'உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்' என்று முடிபவை எத்தனை? 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்பது எத்தனை இடத்தில் தீர்வாக எண்ணப்பட்டிருக்கிறது? மனுவில் குறித்த புல எண் பதிலில் ஓரிடத்திலும் வராதவை எத்தனை? புலத்தணிக்கை செய்ததாகச் சொல்லும் பதிலில் தணிக்கை நாள் இருக்கிறதா? 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்' என்ற பதிலை ஒரே தெரு எத்தனை ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது? இவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவுகூட வேண்டாம். எழுத்துத் தொடரை ஒப்பிடும் சாதாரண நிரல் போதும். முடிவைச் சந்தேகிப்பவர் இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். மனுவின் 'கோப அளவு' ஐந்துக்கு நான்கு என்று எந்திரம் சொன்னால் அதைச் சரிபார்க்க எவராலும் முடியாது; இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரிபார்க்கும்.

'சட்டம் ஒன்று என்பதால் பதிலும் ஒன்றாகத்தானே இருக்கும்' என்று ஓர் அலுவலர் கேட்கலாம். சில வகைகளில் அப்படித்தான். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது என்றால் கேட்ட எல்லோருக்கும் கிடையாதுதான். எந்திரம் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஒரே பதிலை வாங்கியவர்களின் பட்டியலை முன்னே வைக்கிறது. அவர்கள் எல்லோரும் உண்மையில் ஒரே நிலையில்தான் இருந்தார்களா என்று, அந்த மனுக்களை எடுத்து, ஒரு மனிதர் படித்துச் சொல்ல வேண்டும். எந்திரம் எங்கே படிக்க வேண்டும் என்று காட்டுகிறது, மனிதர் படிக்கிறார். வேலைப் பங்கீடு இப்படி இருந்தால் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். மனுவில் நோய் இருக்கும், கடன் இருக்கும், கணவன் அடித்தது இருக்கும், சாதி இருக்கும். அதிகாரி ஒருவரை நம்பிக் கொடுத்த தாள் அது. அதை மொத்தமாக அள்ளி எவரோ நடத்தும் கணினிக்குப் படிக்கக் கொடுக்க நாம் யாரிடம் அனுமதி கேட்டோம்? பதில் அப்படியல்ல. மனுதாரரின் அடையாளங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது அரசின் சொல், பொதுச் சொத்து. தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில், 1997-ல், சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005-ன் மத்தியச் சட்டம் நான்காம் பிரிவில், நிர்வாக முடிவுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. வார்ப்பு வாசகம் காரணமாகுமா என்பதைச் சோதிக்கும் கருவி இப்போது நம் கையில் இருக்கிறது.

மனுவை யார் படிப்பது என்ற கேள்வி மிச்சம். பத்திரப் பதிவிலும் வாக்குமூலத்திலும் நமக்குப் பழகிய முறை ஒன்று உண்டு: 'படித்துக் காட்டப்பட்டு, சரி என ஒப்புக்கொள்ளப்பட்டது'. மனுவைப் பெறும் இடத்திலேயே, மனுதாரர் எதிரில் இருக்கும்போதே, பெறுபவர் அதைப் படித்து, சாரத்தை எழுதி, அவருக்குப் படித்துக் காட்டட்டும். 'பாதையை அடைச்சது யாரு?' என்று வாய்விட்டுக் கேட்கட்டும். தாளில் எழுதப் பயந்ததை, எதிரில் இருப்பவர் காது கொடுத்தால் சிலர் சொல்வார்கள். ஆளில்லை என்பார்கள். மனுவைப் பதிவேற்றவும், துறைக்குத் தள்ளவும், நிலுவைப் பட்டியல் எடுக்கவும், ஆய்வுக் கூட்டத்துக்குப் புள்ளிவிவரம் தயாரிக்கவும் இப்போதே ஆள் இருக்கிறார்கள். எந்திரம் அந்த வேலைகளை எடுத்துக்கொண்டு அவர்களை விடுவிக்கட்டும்.

ஒரு வட்டத்தில் தொடங்கினால் போதும். சங்கரன்கோவில் வட்டத்தில் ஒரு பசலி ஆண்டின் ஜமாபந்தி மனுக்களுக்குக் கொடுத்த பதில்களை, பெயர் நீக்கி, ஒருங்குறியில், பொதுவெளியில் வைக்கட்டும். பகுப்பாய்வை மென்பொருள் நிறுவனம்தான் செய்ய வேண்டும் என்றில்லை. கணினி படிக்கும் கல்லூரி மாணவர்களே செய்துவிடுவார்கள். மனுக்களைப் படிக்கும் எந்திரத்துக்குக் கிடைத்த உற்சாக வரவேற்பு இந்த யோசனைக்கும் கிடைக்கிறதா என்று பார்ப்போம். 'பதில்களை எந்திரத்திடம் கொடுத்தால் சூழல் தெரியாமல் தப்பாகப் புரிந்துகொள்ளுமே' என்று ஏதாவது ஓர் அலுவலகம் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் குறித்துவைத்துக்கொள்வோம். மனுதாரரும் அதையேதான் சொல்கிறார்.